பாடம் கேட்க வந்த ஆய்வாளர்

பஞ்சவர்ணம் என்னைக் கூப்பிட்டால் வீடியோவில்தான் கூப்பிடுவார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அன்று காலை நான் பேகம்பூரில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் பஞ்சவர்ணம், அவருக்குப் பின்னால் கன்னிவாடியில் அவர் வீட்டு வாசல். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவதுபோல ஒரு விரலை உயர்த்தினார். பிறகு இரண்டு கைகளாலும் ஒரு நூலைப் பிடித்து அறுப்பதுபோலக் காட்டினார். எங்கள் இருவருக்கும் அதுதான் செலின் மேடத்தின் பெயர். மேடம் மறுபடியும் ஸ்கூட்டரை எங்கேயாவது நிறுத்திவிட்டு மறந்திருப்பார் என்று நினைத்து நான் சிரித்தேன். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. கடைக்காரர், "பாய், எம்புட்டுப் போடணும்? பாய்!" என்று இரண்டு முறை கேட்டாராம். நான் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதைப் படிக்கப்போகிறவர்கள் மூன்று வகை என்று எனக்குத் தெரியும். தொழிலாளர் துறையில் செலின் மேடத்தோடு வேலை பார்த்தவர்கள், அவரால் வேலை நிலைத்தவர்கள், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நான் மூன்றாவது வகை. வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலையில் பெர்சனல் ஆபீசராக இருந்தேன். அவர் எங்கள் ஆலைக்கு ஆய்வாளர். அவர் கேட்கும் காகிதங்களைக் கேட்பதற்கு முன்பே அழகாக அடுக்கி வைப்பதும், கேட்கக்கூடாத காகிதங்களை அவர் கண்ணில் படாமல் வைப்பதும் என் வேலை. இரண்டிலும் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

முதல் முறை அவர் வந்தபோதே அந்த நினைப்பில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. டீ கொண்டுவரச் சொன்னேன். "வேணாம் பாய்" என்றார். தண்ணீராவது என்றேன். தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "மில்லு தண்ணியக் குடிச்சா மில்லு பேச்சு வந்துரும். நான் வீட்டுலருந்தே கொண்டாந்துட்டேன்." நான் பத்துப் பதினைந்து பதிவேடுகளை முன்னால் நகர்த்தினேன். அவற்றின் அட்டையைக்கூடத் தொடவில்லை. "இது எங்கயும் போகாது பாய். முதல்ல உள்ள போயி ஆளப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

உள்ளே போய் அவர் செய்தது நான் எந்த ஆய்வாளரிடமும் பார்த்திராதது. இயந்திரத்தோரம் ஒரு பெண்ணிடம் போய் நின்று, "எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடும்மா" என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்தால் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒட்ட வேண்டும். பீசிங் என்போம். அந்தப் பெண் சொல்லிக்கொடுக்க, மேடம் மூக்கில் இறங்கிய கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நூலை ஒட்டப் பார்த்தார், அறுத்தார். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் அறுத்தார். வெளியே வந்ததும் நான் நீட்டிய பட்டியலில் அந்தப் பெண் பெயருக்கு எதிரே 'பழகுநர்' என்று இருந்தது. அதில் விரலை வைத்து அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவ எப்புடி பாய் பழகுறவளா இருப்பா?"

இந்தப் 'பழகுநர்' விவகாரத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொழில் பழக வருகிறவருக்கு ஒரு காலவரை உண்டு. அது முடிந்தால் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தொழிலாளி என்றால் இரண்டு ஆண்டுக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். பழகுநர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆகவே ஒருவரைப் பழகுநராகவே வைத்துக்கொண்டிருந்தால் நிர்வாகத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை. காலவரை முடிந்ததும் வேறு தலைப்பில் ஒரு காகிதம், அது முடிந்ததும் இன்னொன்று. அந்த ஓட்டைக்குக் காவல் நின்றவன் நான்தான். அதை இன்று மென்று விழுங்கிச் சொல்வதில் அர்த்தமில்லை.

அடுத்த முறை அவர் வருகிறார் என்று நான்கு நாள் முன்னதாகவே எனக்குச் செய்தி வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், அதுவும் என் வேலைதான். பழகுநர் பெண்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்தேன். "மேடம் சொல்லிக் குடுங்கன்னு கேட்டா, எனக்கே தெரியாது மேடம், இப்பத்தான் பழகிட்டு இருக்கேன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம்" என்றேன். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். கடைசி வரிசையில் பஞ்சவர்ணமும் இருந்தார். எல்லோரும் சிரித்தபோது அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. யாரும் அவரிடம் எதையும் கேட்கப்போவதில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஏழு ஆண்டுகளாக நானும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை.

மேடம் வந்தார். முதல் பெண் ஒப்பித்தாள். இரண்டாவது பெண்ணும் அதையே ஒப்பித்தாள். நான்காவது பெண் மேடம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நேராகக் கடைசி இயந்திரத்துக்குப் போனார். அங்கே பஞ்சவர்ணம். மேடம் என்னவோ கேட்டார். பஞ்சவர்ணம் தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். மேடம் அறுந்த ஒரு நூலைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். அவ்வளவுதான், பாடம் தொடங்கிவிட்டது.

அப்படி ஒரு பாடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. பஞ்சவர்ணம் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டினார். வேண்டுமென்றே ஒரு நூலை அறுத்து மறுபடியும் காட்டினார். மேடத்தின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிடித்துச் சரியான கோணத்தில் வைத்துவிட்டார். மேடம் எட்டு முறை அறுத்தார். எட்டாவது முறை பஞ்சவர்ணம் பொறுமை இழந்து, அரசாங்க ஆய்வாளரின் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். கூடவே வந்திருந்த எங்கள் மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. மேடம் அந்த இரைச்சலிலும் கேட்கும்படி சிரித்தார்.

ஆபீசுக்கு வந்ததும் பஞ்சவர்ணத்தின் கோப்பைக் கேட்டார். கேட்கக்கூடாத காகிதங்களில் அது முதலாவது. ஆண்டுக்கு ஒன்றாக அதில் என் கையெழுத்து: 'செவித்திறன் குறைவு காரணமாகப் பயிற்சி நிறைவுபெறவில்லை. மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது.' மேனேஜர் முந்திக்கொண்டார். "இவங்கள மாதிரி ஆளுக்கு வேலை குடுத்ததே பெரிசு மேடம். மாற்றுத்திறனாளிக்குச் சம்பளத்துல விலக்கு சட்டத்துலயே இருக்கு." மேடம் குரலை உயர்த்தவில்லை. "இருக்கு சார். அதுக்கு அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கணும். அந்த உத்தரவ எடுங்க, பாப்போம்" என்றார். எடுக்க ஒன்றும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாய், இந்தப் பிள்ளை வேலை பாக்குறத நீங்க ஒரு தடவையாச்சும் நின்னு பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"நாளைக்கு ஒரு ஷிப்ட் அவகிட்ட நில்லுங்க. நானும் வாரேன்." சட்டத்தில் எந்த செக்‌ஷனில் இது வருகிறது என்று மேனேஜர் கேட்டார். "எந்த செக்‌ஷன்லயும் இல்ல சார். சும்மா கேட்டுக்கிறேன்" என்றார் மேடம்.

மறுநாள் நின்றேன். ஏசி அறையில் இருந்து பழகியவனுக்குப் பஞ்சு தூசியில் முதல் மணி நேரத்திலேயே தொண்டை கட்டிவிட்டது. அந்த இரைச்சலில் யார் கத்தினாலும் என் காதில் விழவில்லை. அப்போதுதான் புத்தியில் உறைத்தது, அந்த இடத்தில் காது யாருக்குமே உதவாது. பஞ்சவர்ணம் கண்ணால் வேலை பார்த்தார். ஒரு நூல் அறுவதற்கு முன் லேசாக நடுங்கும். அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, அது அறும் நேரத்துக்குச் சரியாக அங்கே போய் நிற்பார். நான் நாள் முழுக்க முயன்றும் ஓர் ஒட்டுகூட நிற்கவில்லை. விரல் நுனியில் நூல் அறுத்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் டிபனைத் திறந்து, தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவருக்குக் கற்றுக்கொள்ளும் திறமை போதாது என்று ஏழு முறை கையெழுத்துப் போட்டவன் நான்.

கொஞ்ச தூரத்தில் மேடம் நின்று ஒரு சின்ன நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்ன மேடம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல பாய், போற வழியில வாங்க வேண்டிய சாமான்" என்று மூடி வைத்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து தொழிலாளர் துறை ஆபீசில் விசாரணை. பஞ்சவர்ணம் உண்மையிலேயே பழகுநர்தானா என்பதுதான் கேள்வி, பதில் சொல்ல வேண்டியவன் நான். என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் உங்களுக்கு வேலை வேணும்ல?" என்று மேனேஜர் அக்கறையாகத்தான் கேட்டார். என் கையெழுத்து சரிதான் என்று ஒரு வரி சொன்னால் போதும், எனக்கு ஒன்றும் ஆகாது. பஞ்சவர்ணம் எட்டாவது ஆண்டும் பழகிக்கொண்டிருப்பார். வீட்டில் சொல்லிப் புலம்பினேன். என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள், "போட்டது உங்க கைதானே?" அவ்வளவுதான் சொன்னாள்.

விசாரணையில், "அவருக்குப் பயிற்சி முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்" என்றேன். எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடவில்லை. மேல்முறையீடு, வாய்தா என்று இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் கடைசியில் பஞ்சவர்ணம் நிரந்தரமானார், அவரோடு என் அலமாரியில் அதேபோலக் கோப்புகளாக மறைந்து கிடந்த மற்ற பெண்களும். என்னைப் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். மகள் படிப்பை எப்படியோ முடித்துவிட்டாள்.

விசாரணை நடந்த அன்று வராந்தாவில் மேடத்தை நிறுத்தி, "நான் மாத்திச் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன். ஒரு பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிப்பானேன்? "வேற வழி பாத்திருப்பேன். போங்க பாய், டவுன் பஸ்ஸு போயிரப்போகுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னை ஒரு பொருட்டாகவே அவர் எண்ணியிருக்கவில்லை என்று பல காலம் ஒரு குறை மனதில் கிடந்தது.

நான் ஓய்வு பெற்ற ஆண்டு பெருநாளுக்கு அவரையும் அவர் கணவர் செபாஸ்டியன் சாரையும் வீட்டுக்கு அழைத்தேன். வந்து உட்கார்ந்ததும், பிரியாணி மணம் வீடெல்லாம் நிறைந்திருக்க, "முதல்ல தண்ணி குடுங்க பாய்" என்றார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தார். "எத்தன வருசத் தாகம் தெரியுமா? இப்ப நீங்க மில்லு இல்ல, குடிக்கலாம்." என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வராத பெருநாள் இல்லை. வந்தால் பேச்சுக்குப் பேச்சு சண்டைதான். தவறு தன் பேரில் இருந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மேடத்தின் அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஷிப்ட் முடிந்து நேராக வந்த பெண்கள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சவர்ணம் முதலில் இறங்கினார். அந்த ஆலையில் இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர்தான். பெட்டியருகே போய் மேடத்தின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து அந்தப் புறங்கையில் மெதுவாக, வலிக்காமல், ஓர் அடி வைத்தார். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த நான் அங்கே உடைந்துபோனேன்.

ஒரு வாரம் கழித்து செபாஸ்டியன் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அவ பையில இருந்துச்சு பாய். உங்க பேரும் இருக்கு" என்று அந்தச் சின்ன நோட்டைக் கொடுத்தார். சாமான் பட்டியல் ஒன்றுகூட அதில் இல்லை. பக்கத்துக்கு ஒரு பாடம். யாரிடம் கற்றார், எத்தனை முறை அறுத்தார், தேறினாரா என்று வரிசையாக எழுதியிருந்தார். 'ஆசிரியர்: பஞ்சவர்ணம். மாணவி: செலின். எட்டு முறை அறுந்தது. அடி வாங்கினேன். தேறவில்லை.' படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நான் இயந்திரத்தோரம் நின்ற அந்த நாளின் தேதி. விசாரணைக்குப் பதினைந்து நாள் முன்பு. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாத நாள் அது.

'ஆசிரியர்: பஞ்சவர்ணம். மாணவர்: பாய். நூல் ஒட்டத் தெரியவில்லை. வெட்கப்படத் தெரிகிறது. தேறிவிடுவார்.'

நோட்டை சாரிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் இப்போது என்னிடம் இருக்கும் செலின் மேடம். ஒருவரை ஏழு ஆண்டு பார்க்காமலே தேறவில்லை என்று எழுதினேன். மேடம் ஒரே ஒரு ஷிப்ட் என்னை நின்று பார்த்துவிட்டு, தேறிவிடுவார் என்று எழுதி வைத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலே போய்விட்டார்.