விளக்கு வைப்பதற்குள்

பேருந்து நின்றதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஐஸ் வாங்கித் தருவதற்காக நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் வரும் சாலையில், இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்கும் பொட்டல் அது. ஐஸ் இருக்கட்டும், ஒரு டீக்கடைகூட இல்லை. ஓட்டுநர் இறங்கி வண்டிக்கு அடியில் தலையை விட்டார். அவர் தலையை வெளியே எடுத்தபோது அந்த முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் புத்தகம் படிக்கும் அளவுக்கு எனக்கு முகம் படிக்க வராது.

“கிளட்ச் பிளேட் போச்சுங்க சார். அரை மணி நேரத்துல பண்ணிப்போடலாம்.”

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, மதியம் தாண்டியிருந்தது. வண்டியில் எங்கள் பள்ளியின் மொத்தப் பிள்ளைகளும் பாதி அம்மாக்களும் இருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இவர்கள் எல்லோரும் ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை எனக்கு மிக மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது. நான் இதைப் படிக்காமல் போனதற்குக் காரணம், அப்போது இதை யாரும் எழுதியிருக்கவில்லை.

தேதி குறித்த கதை

நான் சூலூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளி. என்னையும் வித்யா டீச்சரையும் சேர்த்து இரண்டு பேர். பிள்ளைகள் எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் குறைந்தால் ‘பணி நிரவல்’ என்று வித்யா டீச்சரை வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். அதன்பிறகு ஐந்து வகுப்புக்கும், மாணவர் விவரம் ஏற்றும் எமிஸ் இணையதளத்துக்கும், அடைத்துக்கொள்ளும் கழிப்பறைக்கும் நான் ஒருவனே பொறுப்பு.

மற்றவர்களுக்கு வசந்த காலம் என்றால் வேப்பம்பூ. எங்களுக்கு அது ஆண்டு விழா, விளையாட்டு விழா, மாணவர் சேர்க்கை ஊர்வலம். எல்லாம் வேப்பம்பூவோடு சேர்ந்து ஒரே மாதத்தில் தலையில் கொட்டும். போன ஆண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், “பெற்றோரும் சேர்ந்து ஒரு நாள் சுற்றுலா போனால் சேர்க்கைக்கு நல்லது” என்று நான்தான் வாயை விட்டேன். அமராவதி அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது. குழுத் தலைவி மரகதம் உடனே, “நாங்களும் வாரோமுங்க சார், முதலைய நாங்க மட்டும் எங்க பாத்தோம்” என்றார். விசைத்தறியில் வேலை. பெண் மூன்றாம் வகுப்பு. கணவர் செல்வராஜ் எங்கள் எதிரி முகாமில் இருந்தார். பக்கத்து ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வேன் ஓட்டுநர். தினமும் காலையில் எங்கள் வாசலைத் தாண்டி, எங்களுக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறவர். போகும்போது ஹாரன் அடித்து வணக்கம் வேறு வைப்பார்.

தேதி குறித்தேன். வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கினேன். பேருந்துக்கு முன்பணம் கொடுத்தேன். தேர்வு அட்டவணை, அரசு விடுமுறைப் பட்டியல் எல்லாவற்றையும் பார்த்தேன். கோயில் பூசாரியை மட்டும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரமே மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டினார்கள், அதாவது திருவிழாவை அறிவித்தார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த வேப்பங்கட்டையைக் கோயில் முன் நட்டுவிட்டார்கள். அதுதான் கம்பம். கம்பம் நட்ட பிறகு நோம்பி முடிகிற வரை எங்கள் ஊர்க்காரர்கள் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், விளக்கு வைக்கும்போது எல்லைக்குள் இருக்க வேண்டும். பெண்கள் குடத்தோடு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெளியே தங்கியவர்களுக்கு அம்மை போடும் என்பது நம்பிக்கை.

பழனிச்சாமி அன்று மாலையே பள்ளிக்கு வந்தார். தென்னந்தோப்பு, தறிக்கூடம், கோயில் கமிட்டி எல்லாம் உள்ளவர். பையனை எங்களிடம் நான்காம் வகுப்பில் விட்டிருந்தார். “அவரே இங்கதான் படிக்க வெக்கறாரு” என்ற ஒரு வரிதான் எங்கள் சேர்க்கை விளம்பரம் முழுவதும்.

“ஏனுங்க சார், முதலை பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களாமா?”

“ஆமாங்க. அம்மாக்களும் கூட வர்றாங்க.”

“கம்பம் நட்டாச்சுங்களே.”

“பகல்லதானுங்க போறோம். நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம்.”

“போங்க. நான் வேண்டாங்கலீங்க. விளக்கு வெக்கறப்ப ஒரு புள்ள குறைஞ்சாலும், நாளைக்கு எந்தப் புள்ளைக்காச்சும் அம்மை போட்டா ஊரு உங்களைத்தான் கேக்குமுங்க. நானும் பையன் டி.சி.ய வாங்கிக்குவேன். அப்பறம் எங்க வீதிக்காரங்க ஒவ்வொருத்தரா வருவாங்க. கோவிச்சுக்காதீங்க.”

எங்கள் பக்கத்தில் மிரட்டலுக்கும் ‘ங்க’ உண்டு. வெளியூர்க்காரர்கள் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போவார்கள். நான் இங்கேயே பிறந்தவன், எனக்கு அது மிரட்டலாகவே கேட்டது.

தேங்காய் லாரி

போகும்போது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முதலைகள் அசையவே இல்லை. “சார், இது பொம்மைங்களா?” என்று ஒன்றாம் வகுப்பு கேட்டது. கட்டுச்சோறு சாப்பிட்டோம். எண்ணி ஏற்றினேன், மறுபடி எண்ணினேன். திரும்பும் வழியில்தான் கிளட்ச் போனது.

முதல் அரை மணி முடிந்தது. “இன்னொரு அரை மணிங்க சார்” என்றார் ஓட்டுநர். மெக்கானிக் உடுமலையிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து, கிளம்பப் போவதாகச் சொன்னார். வித்யா டீச்சர் பிள்ளைகளைப் பேருந்து நிழலில் உட்காரவைத்து விடுகதை போட்டுக்கொண்டிருந்தார். அம்மாக்கள் விடுகதை கேட்கும் நிலையில் இல்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேருந்தின் நிழல் நீள்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தேங்காய் இறக்கிவிட்டுக் காலியாக வந்த லாரி ஒன்று நின்றது.

“பல்லடம் வரைக்கும் போறனுங்க. நின்னுட்டு வந்தா எல்லாரையும் சேத்திப்போடலாம்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் லாரியின் பின்கதவுக்குக் குறுக்கே நின்றேன். வீரனைப் போல நின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் கொக்கியில் சட்டை மாட்டிக்கொண்டது, நினைத்தாலும் நகர்ந்திருக்க முடியாது.

“நவுருங்க சார்” என்றார் மரகதம்.

“சரக்கு வண்டில ஏத்தக் கூடாதுங்க மரகதம்.”

“நாங்க கோயிலுக்கு, கண்ணாலத்துக்கு எல்லாம் இதுலதான போறோம். தடுப்புத்தான் இருக்குதல்ல?”

“அது உங்க குடும்பம். இது பள்ளிக்கூடம். எல்லாம் கைக்குழந்தை மாதிரி இருக்குது. ஒண்ணு தவறி விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?”

“விளக்கு வெச்சதுக்கப்பறம் போயி நின்னா நான் என்ன பண்ணுவேன்? போன வருசம் எம் மூத்தவளுக்கு அம்மை போட்டு வேப்பந்தழையில கெடந்தா. ஒடம்புல ஊசி வெக்க எடமில்ல. அதப் பாத்தவ நானு. நீங்க வந்து பாத்தீங்களா?”

“வந்தேன். நீங்கதான் வாசலோட நிறுத்திட்டீங்க.”

அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. அம்மை வைரஸால் வருகிறது என்று ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான். பயந்துபோன தாய்மார்களிடம் நடுச்சாலையில் அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தும் துணிச்சல் எனக்கு இல்லை. “இதில் மட்டும் வேண்டாங்க” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரோ ஓர் அம்மா பின்னாலிருந்து, “அவருக்கு அவுரு வேலை போயிருமேன்னு பயம்” என்றார். அதிலும் பாதி உண்மை இருந்ததால் நான் மறுக்கவில்லை. ஏற்றிய பிள்ளைகளை மரகதமே இறக்கினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. லாரி போய்விட்டது. அது போன திசையையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அப்ப நீங்களே பழனிச்சாமியண்ணனுக்குச் சொல்லிப்போடுங்க” என்று தன் போனை நீட்டினார் மரகதம். “வந்து சேர மாட்டோம்னு.”

“வேண்டாங்க சார், இன்னும் அரை மணி நேரந்தான்” என்றார் ஓட்டுநர்.

போனை வாங்கினேன்.

“பழனிச்சாமிங்களா? ஹெச்.எம். பேசறேங்க. வண்டி நின்னுபோச்சு. உடுமலை ரோட்டுல, காத்தாடிக்காட்டுக்கு நடுவுல.”

“ரெடியாகுமுங்களா?”

“டிரைவர் ஆகும்ங்கறாரு. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. விளக்கு வெக்கறதுக்குள்ள வர முடியாது, இப்பவே சொல்லிடறேன். ஒரு லாரி வந்துச்சு. நாந்தான் ஏத்தக் கூடாதுன்னுட்டேன். அம்மாக்கள் மேல தப்பில்லீங்க.”

மறுமுனையில் கோயில் மேளம் கேட்டது.

“புள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

“ஆச்சுங்க.”

“தண்ணி?”

“இருக்குதுங்க.”

“செரி. வெய்யுங்க.”

அவ்வளவுதான். அந்தச் ‘செரி’க்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் யோசித்துப் பார்த்தேன். எல்லாமே டி.சி.யில் போய் முடிந்தது. மறுபடி அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. எங்களைச் சுற்றி நின்ற காற்றாலைகளில் ஒன்றுகூடச் சுற்றவில்லை.

எதிரி முகாமின் வண்டி

மெக்கானிக் வரவில்லை. வந்தது மஞ்சள் வேன். ஒன்றல்ல, வரிசையாக மூன்று. முன் வேனிலிருந்து செல்வராஜ் குதித்தார். அவரைக் கண்டதும் மரகதத்தின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்து அவரே பயந்திருப்பார்.

“எங்க ஸ்கூல் தாளாளரே போன் பண்ணுனாருங்க சார். ‘வேனுகளை எடுத்துட்டு ஓடு’ன்னாரு. டீசலுக்குக் கணக்குக் கேக்கற மனுசன், இன்னைக்கு ஒண்ணுமே கேக்கலை. ஏறுங்க ஏறுங்க.”

ஏறினோம். வேனுக்குள், ‘இங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை இருந்தது. அதை எழுத்துக் கூட்டிப் படித்த ஐந்தாம் வகுப்புப் பெண், “சார், ஊரு போற வரைக்கும் பேசாம வரோணுங்களா?” என்று காதோடு கேட்டாள்.

“பேசு கண்ணு. வண்டிக்கு எல்லாம் புரியும்.”

பல்லடத்தில் நெரிசல். நூல் லோடு வண்டிகளும் கோழி லாரிகளும் ஊரை அடைத்துக்கொண்டு நின்றன. சூரியன் கட்டடங்களுக்குக் கீழே போய்விட்டது. மரகதம் பெண்ணை மடியில் இறுக்கிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். செல்வராஜ் சந்து பொந்தெல்லாம் நுழைந்தார். தினமும் எங்கள் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போகும் திறமை எப்படி வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது இருட்டவில்லை, வெளிச்சமும் இல்லை. கோயில் முன்னால் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி கையில் தீப்பெட்டி. பழனிச்சாமி வேன் கதவருகே நின்று இறங்கும் பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கடைசிப் பிள்ளை இறங்கியதும் பூசாரியைப் பார்த்து, “ஏத்துங்க” என்றார். விளக்கு எரிந்தது. குலவைச் சத்தத்தோடு முதல் குடம் கம்பத்தில் கவிழ்ந்தது.

பழனிச்சாமி என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் தாளாளர் நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நம்ம வண்டி, நம்ம குழந்தைங்க சார்” என்றார். இரண்டாவது ‘நம்ம’ எனக்கு உறுத்தியது.

திங்கட்கிழமை

மணி அடிப்பதற்கு முன்பே பழனிச்சாமி வந்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்.

“பையனுக்கு டி.சி. வேணுமுங்க. பரிச்சை முடிஞ்சு குடுத்தாப் போதும்.”

“விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துட்டமுங்களே?”

“வந்துட்டீங்க. அதுக்குத்தானுங்க டி.சி.”

எனக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியில் உட்காராமலேயே சொன்னார்.

“அந்தத் தாளாளரு ரெண்டு வருசமா எம் பையனக் கேட்டுட்டு இருக்கறாரு. நான் அங்க சேத்துனா எங்க வீதியே வந்துரும்னு அவருக்குத் தெரியும். சனிக்கிழமை சாவகாசமா பஸ்சு தேட நேரமில்லீங்க. ‘வேன அனுப்புங்க, பையன அனுப்பறேன்’னுபோட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதானுங்களே.”

“எங்களுக்காகவா?”

“உங்களுக்கென்னங்க. ஊருப் புள்ளைங்கள நடுரோட்டுல உட்டுட்டு நான் இங்க கம்பத்தப் பாத்துட்டு நிக்கறதா?”

எமிஸில் டி.சி. விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். சர்வர் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. வித்யா டீச்சர் வாசற்படியில் அசையாமல் நின்றார். அவருடைய வேலை மாற்றல் ஆணை அந்தத் திரையில் சுற்றிக்கொண்டிருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றியது.

“அப்படியே இவளுக்கு ஒரு அட்மிசன் போட்டுருங்க” என்றார் பழனிச்சாமி.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அஞ்சு வயசு முடிஞ்சுருச்சுங்க. அந்தாளு பையனத்தான் கேட்டாரு. இவளப் பத்தி அவரும் கேக்கல, நானும் சொல்லல.”

பையனுக்கு ஆங்கிலப் பள்ளி, பெண்ணுக்கு அரசுப் பள்ளி என்பது எங்கள் பக்கத்தில் பழைய கணக்கு. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். முகம் படிக்க அவருக்கு வந்தது.

“பொட்டப் புள்ளைக்கு இது போதும்னு போடலீங்க சார். லாரில ஏத்த மாட்டேன்னு குறுக்க நின்னீங்களாமா. மரகதம் வீதி பூராச் சொல்லிட்டா. எங்கிட்டயும் மறைக்காம போன்ல சொன்னீங்க. புள்ளைய உட்டுட்டுத் தூங்கறதுக்கு வேற என்னங்க வேணும்?”

ஜூனில் அவர் வீதியிலிருந்து இரண்டு பேர் பையனோடு போனார்கள். மற்ற வீடுகள் அவர் பெண்ணைப் பார்த்துவிட்டு எங்களிடமே வந்தன. வித்யா டீச்சர் இன்னும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறார். இத்தனை வருடத்தில் நான் கற்றது இதுதான்: பெற்றோரிடம் நல்ல செய்தியைச் சாவகாசமாகச் சொல்லலாம், கெட்ட செய்தியை, அடுத்த அரை மணிக்குக் காத்திராமல், அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, சேர்க்கைக்குப் பெயர் கேட்டபோது அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னையும் முதலை பாக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா முந்திக்கொண்டார்.

“போவாரு அம்மணி. தேதிய மட்டும் நாம குறிச்சுக் குடுத்தரலாம்.”