அக்காவும் தாராபுரத்து முத்துத் தோடும்

அக்கா பிறந்தது தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். பெற்றோர் இருவரும் மறைந்த பின், இரண்டாயிரமாம் ஆண்டுத் தொடக்கத்தில் தம்பி என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா திருப்பூர் வந்தார்கள். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. துணியில் பழுது கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அக்கா கண்ணுக்குத் தப்பிய பழுது கிடையாது. தன்னுடைய பழுது ஒன்றை மட்டும் சில ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார்கள். அதைச் சொல்லாமல் அக்காவுக்கான இந்த நினைவு மலர் முழுமையாகாது.

தூத்துக்குடி என்றாலே முத்துதான் எல்லோருக்கும் நினைவு வரும். உடன் வேலை பார்த்த சரஸ்வதி அம்மாள், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முத்துமாலையைச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் நீட்டினார்.

“ஏனுங்க்கா, நீங்க தூத்துக்குடிதானுங்களே, இது நெசமான முத்துதானுங்களா?”

அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நல்ல முத்துதான்” என்றார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம், “எனக்கு என்னல தெரியும்? நாம பார்த்ததெல்லாம் உப்புதானே. ஊர்ப் பேரைச் சொல்லிக் கேட்டதும் தெரியாதுன்னு சொல்ல வாய் வரல” என்றார்கள். நான் சிரித்தேன். இன்று அதற்கு வருந்துகிறேன்.

தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்ணின் கழுத்து வியர்வையில் மாலையின் பூச்சு உரிந்தது. தெரிந்தே போலியைப் போட்டு அனுப்பினார்கள் என்று மாமியார் சொல்ல, சம்பந்திகளுக்குள் பேச்சே நின்றது. சரஸ்வதி அம்மாள் அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதன்பின்தான் அக்கா முத்தைப் பற்றிக் கற்றார்கள். ஞாயிறுதோறும் பாய் ஒருவரின் நகைக்கடையில் உட்கார்ந்து, துளையின் ஓரத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும், முன்பல்லில் உரசிப் பார்க்கவும் பழகினார்கள். வழுக்கினால் போலி, நைசான மணல்போல் உரசினால் முத்து. சிப்பிக்குள் மனிதன் கருவை வைத்து வளர்க்கும் வளர்ப்பு முத்துகளை ஒவ்வொன்றாக வாங்கி, பழைய பட்டன் டப்பாவில் சேர்த்தார்கள். “வளர்த்த முத்து அசலா அக்கா?” என்று நான் கேலி செய்தால், “நாத்து நட்டது மனுசன்தானே, அதுக்காக நெல்லு பொய்யாயிருமால?” என்பார்கள்.

ஒரு மாலைக்கு முத்து சேர்ந்ததும், அதைக் கோத்து எடுத்துக்கொண்டு என்னோடு தாராபுரம் போனார்கள். மாமியார் முன் மாலையை வைத்து, “சரஸ்வதிம்மா மேல தப்பில்லம்மா. நான்தான் ஒண்ணும் தெரியாம நல்ல முத்துன்னு சொன்னேன். இப்பதான் பார்க்கத் தெரியும், இது அசல்” என்றார்கள். அந்த அம்மாள் நம்பவில்லை. உள்ளே போய், தன் கல்யாணத்துக்குத் தாய் போட்ட முத்துத் தோட்டைக் கொண்டுவந்தார்.

“இப்பத் தெரியும்ங்கறீங்கல்ல, இதைப் பாத்துச் சொல்லுங்க.”

அக்கா பல்லில் உரசினார்கள். முகம் மாறியது. நல்ல முத்து என்று சொல்லிவிடுங்கள் என நான் கண்ணால் கெஞ்சினேன்.

“இதுவும் போலிதாம்மா.”

அந்த அம்மாள் தோட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, “எங்கம்மா தெரிஞ்சு போட்டிருக்க மாட்டாளுங்க” என்றார். சொன்னவர் அப்படியே மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

“கண்ணு, உங்கம்மாளுக்குப் போனைப் போடு.”

அக்கா நோயில் படுத்த மூன்று மாதமும் கஞ்சி கொண்டுவந்தவர் சரஸ்வதி அம்மாள். அக்கா மறைந்த அன்று, ஊர்விட்டு வந்த எங்களுக்காக அழ யார் வருவார்கள் என்று கலங்கி நின்றேன். தாராபுரத்து அம்மாள் முதல் பஸ்ஸில் வந்தார். சரஸ்வதி அம்மாளே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்துவந்தார். சம்பந்திகள் இருவரும் கைபிடித்தபடி எங்கள் சந்துக்குள் நுழைந்தபோதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அவர்களுக்கும், தோள் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், முத்தைக் கற்றுத்தந்த பாய்க்கும் எங்கள் நன்றி. அக்கா இருந்திருந்தால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லியிருப்பார்கள். அவர்களுக்காக நான் வருவேன்.