இருமலை மறைத்த கேசட்

இரண்டு மாதமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். இருமிக்கொண்டிருந்தேன்... வேறென்ன!

மழைக்காலத்தில் ஊரையே படுக்கப் போட்ட ஃப்ளூ காய்ச்சல் என்னையும் விடவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. மூச்சுதான் பழையபடி வரவில்லை. லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டு மாடிப்படி பன்னிரண்டே பன்னிரண்டு — ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"டி.பி. இல்லம்மா, பயப்படாதீங்க. காய்ச்சல் போயிட்டாலும் நுரையீரல் இன்னும் ஆறல. மாசக்கணக்குல ஆகும். மாத்திரையை விடாதீங்க. தினம் பலூன் ஊதுங்க."

பலூனா? நாற்பது வயதிலா? ஊதினேன். முதல் நாள் எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூட வரவில்லை. விட்டுவிடுவேனா!

ஆனால் என் பெரிய கவலை பலூன் இல்லை, கேசட். என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊரிலிருந்து கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் போகும். பேசிப் பதிவு செய்து, விமானம் ஏறுகிற ஊர்க்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். என் இருமலைக் கேட்டால் மனுஷர் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பார். பாதியில் வந்தவரை அந்தக் கம்பெனி மறுபடி சேர்க்குமா?

ஆகவே ஒரு ஏற்பாடு. டேப் ரெக்கார்டரை நிறுத்தும் பட்டனில் என் நாத்தனார் ஜமீலாவின் விரல். இருமல் வந்தால் நான் கையைத் தூக்குவேன் — டக்! இருமி முடித்து, வெந்நீர் குடித்து, மறுபடி — டக்! "நான் நல்லா இருக்கேன் மச்சான்." அரை மணி நேரக் கேசட்டுக்கு ஒரு பகல் முழுக்கப் போனது.

போன வெள்ளிக்கிழமை அவருடைய பதில் கேசட் வந்தது.

"ஒங் குரல் தெம்பா இருக்கு புள்ள, கேக்க சந்தோசம்." டக். "நானும் நல்லா இருக்கேன்." டக். "இங்க குளிருதான்..." டக்.

"என்ன மச்சி, அண்ணனோட டேப்பு ரிப்பேரா?" என்றாள் ஜமீலா.

நான் கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். ஓரிடத்தில் அவர் பட்டனைக் கொஞ்சம் தாமதமாக அழுத்தியிருந்தார். அரை இருமல் உள்ளே விழுந்துவிட்டது. அடிநெஞ்சிலிருந்து வருகிற இருமல். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

அழுதேன். பிறகு கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா? இரண்டு பேர் மேலும்தான்.

புதுக் கேசட்டைப் போட்டேன். ஜமீலா வழக்கம்போல் பட்டனில் விரலை வைத்தாள்.

"கைய எடுடி."

"இருமல் வந்துட்டா?"

"வரட்டும்."

எக்ஸ்ரேயைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "நான் ஆறிக்கிட்டு வரேன். வேலைய வுட்டுட்டு ஓடி வராதீங்க. மொதல்ல அங்க டாக்டரப் பாருங்க, மறைக்காதீங்க." நடுவில் இருமல் வந்தது. நன்றாக, முழுசாக இருமினேன். கேசட் அது பாட்டுக்கு ஓடியது.

கடைசியில் மைக் பக்கத்தில் பலூனை வைத்து ஊதிக் காட்டினேன்.

"மச்சான், இப்ப தேங்கா அளவு வருது. நீங்களும் ஒண்ணு வாங்குங்க... யாருது பெருசுன்னு பாத்துடுவோம்!"