திமிர் பிடித்த நாய்

நான் போய் இறங்கியபோது சித்தப்பா அந்த நாயை அடித்துக்கொண்டிருந்தார். சோழபுரம் போகிற வழியில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் கல்பலகை பாவி, கம்பிவலை அடித்து, வரிசையாக நாய்க்கூண்டுகள். அவர் கையில் மோட்டாரிலிருந்து கழற்றிய பழைய பெல்ட் இருந்தது. வெள்ளை நாய், இன்னும் முழு வளர்த்தி வரவில்லை. பின்னாலிருந்து விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அது புதிதாகத் திடுக்கிட்டது. ஓங்குகிற பெல்ட் காற்றில் எழுப்பும் சத்தத்திலேயே மற்ற நாய்கள் பதுங்கின. இது மட்டும் அடி விழுந்த பிறகுதான் துள்ளியது.

என்ன விஷயம் என்று கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்கு விற்ற நாயாம். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம்.

"திமிரு. நம்ம ஊரு சாதி நாய்க்கு இருக்கத்தான் செய்யும். ரெண்டு போட்டா அடங்கிரும்," என்றார்.

கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு நான் நாய்களின் நரம்பு மண்டலத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். உள்காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புதான் என் வேலை. வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு உள்காதில் இருக்கவேண்டிய நிறச் செல்கள் இருப்பதில்லை. அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே சத்தத்தை உணரும் செல்கள் செத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் காது அழகாக, குறையேதும் இல்லாமல் இருக்கும். எங்கள் ஊர் நாய்க்குப் பால்வெள்ளைதான் பெருமை. அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு வருகிற குறை இது. நாய் வளர்க்கிறவர்கள் பலருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெல்ட்டைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போனேன். லேசாக மயக்கம் கொடுத்து, தலைத்தோலுக்கு அடியில் மெல்லிய ஊசிகளைச் செருகி, காதில் சின்ன ஒலிபெருக்கி வைத்து, டக் டக்கென்று சத்தம் அனுப்ப வேண்டும். காது கேட்டால் நரம்பு பதில் சொல்லும். திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு எழும். அந்த நாய்க்கு இரண்டு காதிலும் கோடு படுத்தே கிடந்தது.

சித்தப்பா கருவி கோளாறு என்றார். பக்கத்துக் கூண்டு நாய்க்கு வைத்தேன். கோடு எழுந்தது. அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாய்க்கு மயக்கம் தெளிந்ததும் அதன் பின்னால் போய் இரும்புக் கதவைப் படாரென்று சாத்தினார். நாய் சட்டென்று திரும்பியது.

"பாத்தியா? அம்புட்டும் கேக்குது. நடிக்கி."

கேட்கவில்லை. கதவின் அதிர்வு கல்பலகை வழியாக அதன் பாதத்துக்கு வந்திருந்தது. காது தராததைக் காலிலும் கண்ணிலும் தேடிக்கொள்ள அந்த உடம்பு தானாகவே பழகியிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு உயிர் தன்னை அப்படி மாற்றிக்கொள்வதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடம் படித்தேன். அந்தத் திறமையையே சாட்சியாக வைத்து அதை அடிப்பார்கள் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. நாயைத் தென்னைக்கு அடியில், அதிர்வு ஏறாத மணலில் நிறுத்தி, பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டிக் காட்டினேன். அது எதிரே பறந்த காக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த நாயை நானே கொண்டுபோகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அதன் தாயையும் தகப்பனையும் இனி இணைசேர்க்கக் கூடாது, பிறக்கிற குட்டிகளைச் சோதிக்காமல் விற்கக் கூடாது என்றும் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். வெளியே மட்டும் சொல்லிவிடாதே என்றார். நம்பினேன்.

அடுத்த வருடம் மம்சாபுரத்தில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டு மாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். அழுது முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் டிராக்டரைப் பின்னால் எடுத்தபோது அவருடைய வெள்ளைக் குட்டி சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போயிருந்தது. உழுத மண்ணில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"ஹாரன் அடிச்சேம்மா. செத்த நேரம் நின்னும் பாத்தேன். எந்திரிச்சிரும்னு நெனச்சுட்டேன். எம்புட்டு அறிவான குட்டி தெரியுமா," என்றார்.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். சித்தப்பாவின் தோப்பைச் சொன்னார். கொஞ்சம் திமிர் பிடித்தது, அடித்து வளர்க்க வேண்டும் என்று சொல்லியே கொடுத்தார்களாம். அடிக்க மனம் வரவில்லை, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அந்த மனிதர் தன்னையே நொந்துகொண்டார். உங்கள் மேல் தப்பில்லை, அதற்குப் பிறவியிலேயே காது கேட்டிருக்காது என்றேன். அங்கிருந்து நேராகத் தோப்புக்குப் போனேன்.

சித்தப்பா அப்போது காரில் வந்திருந்த ஒரு தம்பதிக்குக் குட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அதே தாயின் குட்டிகள். நான் குரலை உயர்த்தவில்லை. இந்தக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காமல் இருக்கலாம், கருவி வண்டியில் இருக்கிறது, இப்போதே பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன்.

சித்தப்பாவின் முகம் கறுத்தது. "ஏட்டி, நீ இந்த வீட்டுப் பிள்ளதானா?" என்றார்.

"ஆமா சித்தப்பா. அதனாலதான் போன தடவ சும்மா போனேன்."

சோதிக்க விடமாட்டேன் என்று கூண்டை மறித்துக்கொண்டு நின்றார். அந்தத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். போகும்போது அந்த அம்மா, "பால்வெள்ளையா வேற எங்க கிடைக்கும்?" என்று என்னிடமே கேட்டாள். சித்தப்பா மேல் வந்ததைவிட அதிகமான ஆத்திரம் அந்த ஒரு கேள்வியில் வந்தது.

சாயந்திரம் அப்பா கூப்பிட்டார். உன் சித்தப்பன் அழுதான், மன்னிப்புக் கேட்டுவிடு, உடன்பிறப்பு உறவு அறுந்துபோகும் என்றார். மாந்தோப்புக்காரரிடம் சித்தப்பா மன்னிப்புக் கேட்டால் நானும் கேட்கிறேன் என்றேன். அப்பா போனை வைத்துவிட்டார். தங்கையின் வளைகாப்புக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. என்னால்தான் என்று பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். நான் சாப்பிடாமல் எழவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

தளவாய்புரத்தில் நாய் வளர்க்கிற ஒருவர் போன மாதம் போன் செய்தார். குட்டிகளைச் சோதிக்க வரமுடியுமா என்றார். சந்தோஷமாக வாரேன் என்றேன். செவிடு என்று தெரிந்தால் வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று அடுத்துக் கேட்டார். சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர் இன்னும் யோசிக்கிறார்.

அந்தத் தாய் நாயை இப்போது சித்தப்பா இணைசேர்ப்பதில்லையாம். ஊரில் கேட்கிறவர்களிடம் அதற்கு வயதாகிவிட்டது என்கிறாராம். அதற்கு நாலு வயதுதான் ஆகிறது.