தோளிலிருந்து இறங்காத கைப்பை

எங்கள் பனியன் கம்பெனி முதலாளியின் மகன் போலந்துப் பெண்ணொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்திருந்தார். நெட்டை உருவம், வெயிலில் சிவந்த மூக்கு. சாப்பிட உட்கார்ந்தாலும் அவள் தோளில் கைப்பை தொங்கும். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது.

பெருமாநல்லூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய காலையில், இங்கிலீஷ் பேசத் தெரியும் என்று என்னை அவள் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"இந்த ஊரில் இருப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை," என்றாள். "ஆமாம், இது யார் வீடு?"

வாசல் கல்லில் கணவர் பெயரோடு அவள் பெயரும் தமிழில் பொறித்திருந்தது. நான் வாயெடுப்பதற்குள் பால் நுரைத்து எழும்பியது. வீணாகிறதே என்று பாய்ந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டாள்.

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. பால் பொங்கி வழிந்தால்தானே குடும்பம் அங்கே நிலைக்கும்?

மாமியார் மட்டும் சிரித்தார். "பரவால்லீங் கண்ணு," என்று அடுப்பை மறுபடி பற்றவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பால் வழிந்து தரையெல்லாம் ஓடும்வரை விடவில்லை. அவள் கணவரைத் தேடினாள். அவர் வாசலில் விருந்தாளிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அவசரமே இல்லீன்னு சொல்லு கண்ணு. மெதுவா யோசிச்சு முடிவு பண்ணட்டும்."

அப்படியே சொன்னேன். நன்றி என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் தோளிலிருந்த பையை மாமியார் பதமாகக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் ஏன் தடுக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெறும் தோளை மட்டும் வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றாள்.