சீசரைக் குத்தக் கூடாது

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் லத்தீன் வாத்தியார். சிரிக்காதீர்கள். பாதிரியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவன். கையில் மிஞ்சியது லத்தீன்தான். ஏழு பிள்ளைகள் படித்தார்கள். ஒருநாள் கரஸ்பாண்டன்ட் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரோமன் டே நடத்துங்க சார். அதைப் பாத்துட்டு புதுசா பதினஞ்சு பேர் சேர்ந்தா கிளாஸ் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம் உங்க பீரியட்ல கம்ப்யூட்டர்."

வேட்டியை ரோமானிய அங்கியாகச் சுற்றி, செனட் சபையில் சீசரைக் கொல்லும் நாடகத்தை ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். விழாவுக்கு முதல் நாள் மறுபடி கூப்பிட்டார்.

"சீஃப் கெஸ்ட் நம்ம கவுன்சிலர். எலெக்‌ஷன் வருது. அவர் எதிர்ல தலைவரைக் குத்திக் கொல்ற சீன் வேணாம். அபசகுனம்."

"சார், சீசர் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"கத்திக்குப் பதிலா பொன்னாடை போர்த்துங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் வகுப்பு போய்விடுமே என்ற பயம். மரக்கத்திகளைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன்.

மறுநாள் கவுன்சிலர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்குள் அவிழ்ந்த வேட்டிகளை எத்தனை தடவை கட்டிவிட்டேனோ! ஒருவழியாக நாடகம் தொடங்கியது. புரூட்டஸ் வந்து பொன்னாடை போர்த்தினான். அடுத்தவனும் போர்த்தினான். ஆறாவது பொன்னாடையில் சீசரின் முகமே தெரியவில்லை. கூட்டம் கொட்டாவி விட்டது.

முன்வரிசையில் கவுன்சிலர் எழுந்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே, சீசரை எப்பதான் குத்துவீங்க? அதைப் பாக்கத்தானே வேலையெல்லாம் வுட்டுட்டு வந்து குந்திகினு கீறேன்!"

"அபசகுனம்னு..." என்று இழுத்தேன்.

"எவன் சொன்னான்?"

கரஸ்பாண்டன்ட் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேற்றே கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கத்திகளை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் ஆசைதீரக் குத்தினார்கள். "இன்னொரு தபா!" என்றார் கவுன்சிலர். சீசர் எழுந்து வந்து மறுபடி செத்தான்.

அன்று மாலையே பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"லத்தீன் அவ்ளோ புடிச்சிருக்காப்பா?"

"இல்ல சார். அடுத்த வருஷம் நாங்க குத்தணும்."

இளம் வாத்தியார்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை எதற்காக வந்தான் என்று கேட்காதீர்கள். வந்துவிட்டானா, உட்காரவைத்துப் பாடத்தை ஆரம்பியுங்கள்.