செலின் என்று கூப்பிட்டபோது எழுந்தவர்

அன்று திங்கட்கிழமை. ஒன்பதே கால் ஆகியும் செலின் அம்மா வரவில்லையே என்று நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் முகவருக்கு ஒரு கடிதம் காலைத் தபாலில் போயாக வேண்டும். எங்கள் மில்லின் டெலிபோன் ஆபரேட்டர் வேலாயுதம் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். "சார், செலினம்மா நேத்து பூசை முடிஞ்சு வந்து படுத்தவங்க, எழுந்திரிக்கலயாம்" என்றார். அப்போது என் மனதில் முதலில் தோன்றியது, அந்தக் கடிதத்தை இனி யார் அடிப்பது என்பதுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த அஞ்சலியில் வெட்கப்பட இன்னும் நிறைய இருப்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களில் பலர் அவருடன் இருபது ஆண்டுகள் வேலை செய்தவர்கள். அவருடைய தட்டச்சில் பிழை தேடிக் களைத்தவர்கள். அவருடைய அப்பா இந்தப் புதுச்சேரியில் வெள்ளைக்காரன் காலத்தில் பத்திர அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதும், வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சில்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். கடிதம் முடிந்து தாளை உருவும்போது "வுவாலா", இதோ ஆயிற்று, என்பார். யாராவது சொன்ன சொல்லை மாற்றிப் பேசினால், "மேல்தாள்ல அழிச்சிடலாம் தம்பி, கார்பன் காப்பியில நிக்கும்" என்று கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

என் தங்கை கலாவை உங்களில் சிலருக்குத்தான் தெரியும். எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. நெல்லித்தோப்பு வீட்டில் அம்மா, நான், அவள். ஒரு சின்னச் சொல்லுக்கு வீடே அதிரும்படி கத்துவாள். அரை மணி நேரத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அதற்கும் அடங்காத நாளில் தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்வாள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். தெருமுனை டாக்டர் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போய், மனநோய்ப் பிரிவு வாசலில் எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டேன். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். உண்மையில் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் கலா மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மில் வாசலுக்கே வந்துவிட்டாள். நான் அவளைத் திட்டித் திருப்பி அனுப்பப் பார்த்தேன். செலின் அம்மா அவளைத் தட்டச்சு அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி கழித்து வெளியே வந்தவரிடம், எல்லாம் திமிர்தான் அக்கா என்றேன்.

"திமிர் இல்ல தம்பி. பொடவையில தீப்பிடிச்சவ ஓடுனா, ஏன் ஓடறேன்னு அவகிட்ட கோச்சுக்குவியா?"

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் டாக்டர் தேடினார். தேடியது அவர்தான், நான் இல்லை. மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சென்னைக்கும் வேலூருக்கும் தெரிந்த பாதிரியார்களுக்கும் கன்னியாஸ்திரிகளுக்கும் கடிதம் அடிப்பார். எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி. மருந்து தருவதோடு, அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு, அந்த நேரத்தைத் தாண்டுவது எப்படி என்று சொல்லித் தரும் மருத்துவர் யாராவது உண்டா? வந்த பதில்களில் பெரும்பாலானவை சேர்த்துக்கொள்கிறோம், அழைத்து வாருங்கள் என்றன. சிலர் மின்சார அதிர்ச்சி பற்றி எழுதினார்கள். நான் சோர்ந்துபோய், கிடைக்கிற இடத்தில் காட்டலாமே என்றேன். "செருப்பு வாங்கப் போனாக்கூட போட்டுப் பாத்துத்தான வாங்கற" என்று வாயை அடைத்துவிட்டார். கடைசியில் ஒரு கன்னியாஸ்திரி மூலம் தகவல் வந்தது. வெளிநாட்டில் படித்த ஒரு பெண் மருத்துவர், கணவரின் வேலை காரணமாகப் புதுச்சேரிக்கு வந்தவர், ரெட்டியார்பாளையத்தில் தம் வீட்டிலேயே வாரம் இரண்டு நாள் நோயாளிகளைப் பார்க்கிறார்.

முதல் நாள் மூவரும் போனோம். முன்கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு எழுதும் கம்பவுண்டர், எல்லோர் காதிலும் விழும்படி, நோயாளி பெயர் என்ன என்றார். கலா என்று சொன்னால் அது நெல்லித்தோப்பு வரைக்கும் கேட்கும் என்று பட்டது. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். "செலின்" என்று சொல்லிவிட்டேன்.

செலின் அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டர் "செலின்" என்று கூப்பிட்டபோது எழுந்து, கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பத்து மாதம் அப்படித்தான் போனார்.

மருத்துவருக்கு முதல் நாளே உண்மை தெரியும். அவருக்கு அது பிடிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் சீட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று என்னிடம் சொன்னார். கலாவிடம் அவர் சொன்னதை அவள் இன்றும் அப்படியே சொல்லுவாள்: "நீ இப்ப இருக்கறதுல தப்பு இல்ல. ஆனா நீ மாறவும் வேணும். ரெண்டும் உண்மை, ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்க." ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணிக்கு என்ன எண்ணம் வந்தது, அப்போது என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். மனம் கொதிக்கும்போது அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து முகத்தை அமிழ்த்த வேண்டும். கையைக் காயப்படுத்தத் தோன்றினால், அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும். நான்காம் மாதம் கலாவே என்னிடம், இனிமேல் என் பெயரையே கூப்பிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற நேரத்தில் இது என்ன புதுக்கூத்து என்று தடுத்துவிட்டேன். இதைச் செலின் அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். "பேருதான தம்பி. கூப்பிட்டா நான் எழுந்துக்கறேன்" என்றார். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. கலா மருந்துக் கடையிலிருந்து மில்லுக்குப் பேசுவாள், எடுப்பவர் செலின் அம்மா. தட்டச்சை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில், "மூச்ச இழு, நாலு எண்ணு, மெதுவா விடு, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். உங்களில் சிலர் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் ஒருவருடைய மனைவி ரெட்டியார்பாளையத்தில் செலின் அம்மாவைப் பார்த்துமிருக்கிறார், பெயரைக் கூப்பிட்டதையும் கேட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துக் கட்ட நம் அலுவலகத்துக்கு எத்தனை நேரம் ஆகும்? ஒரு தேநீர் இடைவேளை போதும்.

அந்த ஆண்டுதான் தலைமை எழுத்தர் இடம் காலியானது. முறைப்படி அது செலின் அம்மாவுக்கு. அவருக்கு அடுத்தவன் நான். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு மனசு சரியில்லாம வைத்தியம் நடக்குதாமே, நெசமா? நீதான் அவங்களோட நல்லாப் பழகறவன்" என்று கேட்டார். என் தங்கைக்கு சார் என்று இரண்டே சொல் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் கலாவுக்கு நிச்சயதார்த்தம். அதுமட்டுமா? அந்த நாற்காலியும் என் கண்ணில் பட்டது, அதை மறைத்துப் பயனில்லை.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

உத்தரவு வந்தது. அதை அடித்ததும் செலின் அம்மாதான். என் பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்து, கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "வாழ்த்துகள் சார்" என்றார். அன்றோடு தம்பி போய்விட்டது. அலுவலக மரியாதைக்காக அப்படிக் கூப்பிட்டாரா, மேலாளர் அறையில் நடந்தது காதுக்கு எட்டியிருந்ததா, எனக்குத் தெரியாது. கேட்க எட்டு ஆண்டுகள் இருந்தன. கலா வீட்டு விசேஷம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. என்னோடும் முகம் கொடுத்துத்தான் பேசினார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துக்க வீட்டுக்கு அரியாங்குப்பத்திலிருந்து கலாவும் அவள் கணவர் முருகையனும் வந்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றி நம் அலுவலகத்தார் உட்கார்ந்திருந்தோம். ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், பெருமூச்சு விட்டபடி சொன்னார்: "நல்ல மனுஷி. நடுவுல கொஞ்ச நாள் புத்தி கலங்கிப்போச்சு, பாவம். இல்லன்னா எங்கயோ போயிருப்பாங்க."

நான் தரையைப் பார்த்தேன். கலா எழுந்து நின்றாள்.

"அது நான்" என்றாள். "ரெட்டியார்பாளையம் டாக்டர்கிட்ட பத்து மாசம் வைத்தியம் பாத்துக்கிட்டது நான். அக்கா எனக்குத் துணைக்கு வந்தாங்க."

பதறிப்போய் முருகையனைத்தான் முதலில் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெளியே வந்ததும் கலா என்னிடம் சொன்னாள்: "அவருக்கு நிச்சயத்துக்கு முன்னாடியே தெரியும்ணே. அக்காதான் கூட வந்தாங்க, நானே என் வாயால சொன்னேன். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன், நீ பயப்படுவேன்னு." அப்படியானால் மேலாளர் அறையில் நான் காப்பாற்றியது எதை? அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் கலாவுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இதை எழுதச் சொன்னதும் அவள்தான். "என் பேரப் போட்டே எழுது" என்றாள். போட்டிருக்கிறேன்.

உப்பளம் கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு செலின் அம்மாவின் தங்கை மகள் எல்லோருக்கும் நினைவாக ஏதாவது கொடுத்தாள். ஒருவருக்கு அவருடைய பேனா, ஒருவருக்கு பிரெஞ்சு அகராதி, கலாவுக்கு ஜெபமாலை. உங்களுக்கு என்ன வேண்டும் சார் என்று என்னிடமும் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். செலின் அக்காவுக்குச் சேர வேண்டியது ஒன்று எட்டு ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதில்தான் போய் உட்காருகிறேன்.